பூஞ்சணத்துக்கு ஐந்து முறை பெயிண்ட்

ஐந்து தீபாவளிக்கு நான் பூஞ்சணத்துக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறேன். சுவருக்கு அடிப்பதாகத்தான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து மாசாயில் எங்களுடையது ஒற்றைமாடி வரிசை வீடு. பின்னறைச் சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை ஒவ்வொரு வருடமும் கறுப்புப் புள்ளிகள் வரும். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் பழைய பனியனை மாட்டிக்கொண்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்து, புள்ளிகளின் மேல் ரோலரை ஓட்டுவேன். முதல் வருடம் வெள்ளை. அப்புறம் இளமஞ்சள். கடைசி இரண்டு வருடம் பச்சை, ஏனென்றால் பச்சையில் கறை தெரியாது என்று கடைக்காரர் சொன்னார். அவர் சொன்னது உண்மை. கறை தெரியவே இல்லை.

இதைவிடக் கேவலமான ஒன்றும் இருக்கிறது. நான் பக்கத்துத் துறைமுக ஊரான பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனக் கிடங்கில் ஷிப்ட் சூப்பர்வைசர். தினமும் காலையில் நாற்பது பேருக்கு முன்னால் நின்று, முகக்கவசம் போடுங்கள், லேபிளைப் படியுங்கள், எதையும் எதனோடும் கலக்காதீர்கள் என்று பத்து நிமிடம் பேசுவது என் வேலையில் ஒரு பகுதி. நடுநடுவே ஜோக் சொல்வேன். அதனால் கேட்பார்கள்.

வீட்டில் ஒருவர் மாதக்கணக்காக இருமிக்கொண்டிருக்க, காரணம் தெரியாமல் மருந்து மாற்றிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதில் பாதிக்கு மேல் என் மீதே.

என் மனைவி கலா இருபத்திரண்டு வருடமாக ரவிக்கை தைக்கிறாள். மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு அவனுடைய பின்னறையைத் தையலறை ஆக்கிக்கொண்டாள். துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக்கில் வாங்கி வந்த துணிக்கட்டுகள், தையல் இயந்திரம், கல்யாணத்தின்போது மூவாரில் வாங்கிய பெரிய அலமாரி எல்லாம் அங்கே. பட்டில் தூசி படியக் கூடாது என்று ஜன்னல் எப்போதும் சாத்தியிருக்கும். ஏர்கான் ஓடும். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை.

முதல் அறிகுறி இருமல் அல்ல, ஒரு கோணலான தையல். மழைக்கால முடிவில், சனவரியில், ஒரு வாடிக்கையாளர் ரவிக்கையைத் திருப்பிக் கொண்டுவந்தார். கைப்பக்கம் தையல் நெளிந்திருந்தது. கலா அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "இருமறப்போ துணி நகந்துடுச்சு" என்றாள். "எப்பலேர்ந்து இருமுற?" என்று கேட்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் அதைக் கேட்டேன்.

பக்கத்து கிளினிக்கில் அலர்ஜி என்றார்கள். மருந்துப் புட்டி. பிறகு வேறு நிறத்தில் புட்டி. ஐந்து மாதத்தில் எங்கள் குளிர்பெட்டிக் கதவில் ஆறு புட்டிகள் நின்றன. நான் அவற்றை எங்கள் மதுக்கூடம் என்று சொல்லிச் சிரித்தேன். அந்த ஐந்து மாதத்தில் வீட்டைப் பற்றி ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள், அந்த அறை எப்படி இருக்கும், எதுவும் இல்லை. நாக்கை நீட்டச் சொன்னார்கள். நீட்டினாள்.

அவள் எடை குறைந்தது. சாயங்காலம் லேசாகக் காய்ச்சல் வரும். காசநோயாக இருக்கலாம் என்று சளியைச் சோதித்தார்கள். முடிவு வருவதற்குள் செய்தி பரவி, வீட்டுக்கு வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலில் நின்று பேசினார்கள். கலா இருமும்போது ஓர் உறவுக்காரப் பெண் துப்பட்டாவால் மூக்கை மூடியதை நான் மறக்கப்போவதில்லை. காசநோய் இல்லை என்று முடிவு வந்தது. அதைக் கேட்க யாரும் வாசலில் நிற்கவில்லை.

பக்கத்து வீட்டம்மா கண்ணேறு என்றார். நான் அதை நம்பவில்லை. ஆனால் பின்னறையில் ஈரத்துணி வாடை அடித்ததால் வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போட்டேன். மூச்சு விடத் திணறுகிறவளுக்கு, ஜன்னல் சாத்திய அறையில், நான் கையால் விசிறிப் புகை போட்டேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. பக்தி முற்றிவிட்டது என்றேன். இதை எழுதும்போது என் கையை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஜூன் மாதம் மூவாரில் அவளுடைய அக்கா விமலா வீட்டில் கல்யாணம். கலா பத்து நாள் முன்னதாகவே போனாள். நான்காம் நாள் விமலா போன் செய்தார்.

"தம்பி, இங்க வந்து ரெண்டு நாள்ல இருமல் கொறைஞ்சிடுச்சு. நல்லா சாப்புடுறா, தூங்குறா. அங்க என்னதான் பண்றீங்க இவள?"

"நான் சமைக்கிறேன்க்கா" என்றேன். இருவரும் சிரித்தோம்.

கல்யாணம் முடிந்து சனிக்கிழமை திரும்பினாள். ஞாயிறு முழுவதும் பின்னறையில் நிலுவைத் தையல். திங்கள் மாலை காய்ச்சல், இருமல், உதடு சற்றே நீலம். காரில் பெரிய மருத்துவமனைக்கு ஓட்டினேன். இரண்டு நாள் கழித்து நுரையீரல் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

அங்கே இருந்த டாக்டர் இளம்பெண், தமிழ்ப்பிள்ளை. கலாவின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"ஆன்ட்டி, எப்ப கொஞ்சம் நல்லா இருக்கும்?"

கலா வாயைத் திறப்பதற்குள் நான் புகுந்தேன். "அக்கா வீட்டுக்குப் போனா நல்லாயிடுறா டாக்டர். எங்கிட்ட வந்தா திரும்ப வருது. வியாதியே நான்தான் போலருக்கு."

நர்ஸ் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை.

"இருக்கலாம் அங்கிள். திரும்பி வந்து எத்தன நாள்ல வருது?"

"சும்மா ஜோக்குக்குச் சொன்னேன் லா."

"தெரியுது. எத்தன நாள்?"

ஒன்றரை நாள் என்று கலா சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டார். "வீட்ல எந்த ரூம்ல ரொம்ப நேரம் இருப்பீங்க ஆன்ட்டி? சுவத்துல ஈரம், கறுப்பா புள்ளி, அந்த மாதிரி ஏதாச்சும்?"

"அதெல்லாம் இல்ல டாக்டர்" என்றேன் நான், பெருமையாக. "போன தீபாவளிக்குத்தான் புதுசா பெயிண்ட் அடிச்சேன்."

கலா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள். "அஞ்சு வருஷமா அதே சுவத்துக்குத்தான் அடிக்கிறாரு டாக்டர்."

அந்த அறையில் அதற்குப் பிறகு நான் ஜோக் சொல்லவில்லை.

சி.டி. ஸ்கேன் (உடலை அடுக்கடுக்காகப் படமெடுப்பது) எடுத்தார்கள். கண்ணாடியில் மூச்சு விட்டால் படியும் மங்கல்போல நுரையீரல் முழுக்கத் திட்டுத்திட்டாக இருந்தது. ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதவைத்து நுரையீரலின் கொள்ளளவை அறியும் சோதனை) செய்தபோது, ஊதச் சொன்ன பெண் "இன்னும், இன்னும்" என்று உற்சாகப்படுத்தினார். கலாவிடம் இன்னும் என்று ஒன்று இல்லை.

நோயின் பெயர் ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நியூமோனைட்டிஸ் (மூச்சோடு போகும் தூசியை எதிரியாக எண்ணி நுரையீரல் வீங்கிக்கொள்ளும் நோய்). எல்லோருக்கும் வராது. ஒரே அறையில் இருக்கும் இருவரில் ஒருவருக்கு வரும், இன்னொருவர் ரோலரோடு பாடிக்கொண்டிருப்பார். அப்படியே விட்டால் ஃபைப்ரோசிஸ் (நுரையீரல் தழும்பேறி இறுகிப்போவது) ஆகிவிடும். இறுகியது திரும்ப இளகாது. ஓரங்களில் ஏற்கெனவே கொஞ்சம் இறுகியிருக்கலாம் என்றார் டாக்டர்.

"மொத மருந்து மாத்திரை இல்ல அங்கிள். அந்த ரூம்லேர்ந்து ஆன்ட்டிய வெளிய எடுக்கறதுதான். அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டு அப்புறம் சுத்தம் பண்ற வேலைய பாருங்க. அவங்க இருக்கறப்ப கைய வைக்காதீங்க."

நான் சுத்தம் என்ற சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை மூவாருக்குக் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. அதற்குள் அவளுக்கு ஓர் ஆச்சரியம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அலமாரியை இழுத்து நகர்த்தினேன். அதன் பின்பலகை முழுக்கப் பூனை முதுகு மாதிரி சாம்பல் நிற ரோமம். சுவர் பச்சையாகவே இல்லை. நான் அடித்த ஐந்து பூச்சுகளும் பாளம்பாளமாக உரிந்து, அடியில் கரேலென்று ஈரம் மினுமினுத்தது.

கைக்குட்டையை மூக்கில் கட்டினேன். கம்பி பிரஷ்ஷால் காய்ந்தபடியே சுரண்டினேன். வேர்த்தது, ஃபேனைப் போட்டேன். கதவு திறந்திருந்தது. கலா அடுப்படியில் இருந்தாள். பூஞ்சணத்தின் ஸ்போர் (கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் பரவும் வித்துத்தூள்) பற்றி இன்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்று நான் அதை ஃபேன் வைத்து வீடு முழுக்க வழங்கினேன், கோயிலில் பிரசாதம் கொடுப்பதுபோல.

சுரண்டியும் போகவில்லை. குளியலறையிலிருந்து பிளீச்சை எடுத்து வாளியில் ஊற்றினேன். போதாது என்று தோன்றியது. கழிப்பறை கழுவும் ஆசிடையும் அதே வாளியில் ஊற்றினேன்.

எங்கள் கிடங்கில் இந்த இரண்டு சரக்கும் ஒரே கூரையின் கீழ் இருக்க அனுமதியில்லை. அந்த விதியைச் சுவரில் ஒட்டியது நான். ஒட்டிய டேப்பைக் கடித்துக் கிழித்ததுகூட நான்தான்.

வாளியிலிருந்து வந்த வாயு தொண்டையில் கத்திபோல இறங்கியது. கண்ணைத் திறக்க முடியவில்லை. தட்டுத்தடுமாறி வெளியே வந்தபோது கலா கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். இருமல் சத்தம்கூட வரவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது.

அவசரப் பிரிவில் ஆக்சிஜன் வைத்தார்கள். வேறு ஒரு டாக்டர் வந்து எதை எதோடு கலந்தார்கள், யார் கலந்தது என்று கேட்டார். நான் சொன்னேன். "என்ன வேல செய்றீங்க அங்கிள்?" என்றார், படிவத்தில் எழுதுவதற்காக. அதையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கலா ஆறு நாள் படுத்திருந்தாள். முகமூடிக்கு மேல் அவள் கண்கள் மட்டும் தெரியும். நான் நாற்காலியில் உட்கார்ந்து கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். கறை தெரியாத நிறம் விற்ற கடைக்காரர் மீது. புட்டி புட்டியாகக் கொடுத்த கிளினிக் மீது. ஜொகூர்ல மழை, வீடுன்னா கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் செய்யும் என்று வாய்கூசாமல் சொன்ன அத்தனை பேர் மீதும். ஒவ்வொருவராக முடித்து வந்தால் கடைசியில் ஒரு பிளம்பர் நின்றார். ஆறு வருடத்துக்கு முன் குளியலறைக் குழாயைப் பார்த்துவிட்டு, "உள்ளுக்குள்ள கசியுது அண்ணே, சுவத்த ஒடைச்சுதான் மாத்தணும்" என்று சொன்னவர். அவர் மீது கோபப்பட வழியில்லை. "தீபாவளி முடியட்டும் லா, வீடு அசிங்கமாயிடும்" என்று பதில் சொன்னது நான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு தீபாவளி வந்துகொண்டுதான் இருந்தது.

எங்கள் கிடங்கின் பாதுகாப்பு அதிகாரி ரோஸ் என்ற மலாய்க்கார அம்மா. எல்லோருக்கும் காக் ரோஸ், அதாவது ரோஸ் அக்கா. நான் விடுப்புக் கேட்கப் போனபோது காரணம் கேட்டார். மலாயில் அவர் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்: "இங்க நாப்பது பேர் மூக்க நீ பாத்துக்குற. வீட்ல ஒரு மூக்கு. அத பாத்துக்க முடியல." பிறகு கதவைச் சாத்தச் சொல்லி, வீட்டு அறையின் படத்தை வரையச் சொன்னார்.

அவர் சொன்னபடி செய்த வேலையை இங்கே எழுதுகிறேன். நோயாளி இருக்கும் வீட்டில் யாரும் என்னைப்போல் ஆரம்பிக்காதீர்கள்.

கலாவை மருத்துவமனையிலிருந்து நேரே மூவாருக்கு அனுப்பினோம். முதல் வேலை குழாய். அதே பிளம்பர் வந்து சுவரை உடைத்தார், பழைய கதையைப் பேசாத நல்ல மனிதர். நீர் நிற்காமல் எதைத் துடைத்தாலும் வீண். அடுத்து, அறைக்கதவை வெளியிலிருந்து பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டினோம். ஜன்னலில் ஃபேனை வெளிப்பக்கமாக ஊதும்படி வைத்தோம். வடிகட்டி வைத்த முகக்கவசம், காற்று புகாத கண்ணாடி, முழங்கை வரை கையுறை. கைக்குட்டை எதற்கும் உதவாது. சுவரில் முதலில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து நனைத்த பிறகுதான் சுரண்டினோம், தூள் பறக்காமல் இருக்க. ஊறிப்போன பூச்சைக் கல் தெரியும்வரை கொத்தி எடுத்தோம். பிறகு சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வாரக்கணக்கில் காயவிட்டோம். பிளீச்சே வேண்டாம் என்றார் காக் ரோஸ். பயன்படுத்தித்தான் ஆவேன் என்பவர்கள் தண்ணீரைத் தவிர வேறு எதோடும் அதைச் சேர்க்கக் கூடாது. ஒரு சாப்பாட்டு மேசை அளவுக்கு மேல் பரவியிருந்தால் வேலை தெரிந்த ஆட்களைக் கூப்பிடுவதே மேல்.

ஈரத்தை உறிஞ்சும் பொருட்களைக் கழுவ முடியாது. அலமாரியை அறைக்குள்ளேயே உடைத்து, மூட்டை கட்டி, ஜன்னல் வழியாக இறக்கினோம். துணிக்கட்டுகளும் போயின. கலா இருபத்திரண்டு வருடமாக வெட்டிச் சேர்த்த காகித அளவுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் பெயர், தோள், கை. எல்லாம் புள்ளி விழுந்திருந்தன. அவளைப் போனில் கேட்டேன்.

"தூக்கிப் போடுங்க."

"ஒண்ணு ரெண்டு நல்லாத்தான் இருக்கு கலா. படம் எடுத்து அனுப்பவா?"

"நல்லாத்தான் இருக்குன்னு நீங்க சொன்னா நான் நம்பணுமா?"

பையைக் கட்டினேன்.

மூவாரில் அவள் மூன்று மாதம் இருந்தாள். ஸ்டீராய்டு (உடலின் வீக்கத்தை அடக்கும் மாத்திரை) சாப்பிட்டதில் முகம் உப்பியது, பசி அடங்கவில்லை, தூக்கம் போனது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். முகம் வீங்கியதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடச் சொன்ன இரண்டு உறவினர்களை விமலாக்கா வாசலோடு திருப்பி அனுப்பினார். நான் வாரம் ஒருமுறை போவேன். முதல் மாதம் வாசலில் காத்திருந்தாள். இரண்டாம் மாதம் ஆற்றங்கரையில் பாதி தூரம் நடந்தோம். மூன்றாம் மாதம் முழுதும் நடந்தோம், மெதுவாக.

திரும்ப எடுத்த ஸ்கேனில் மங்கல் பெரும்பாலும் போய்விட்டது. அடிப்பகுதியில் கொஞ்சம் தழும்பு நின்றுவிட்டது. அது போகாது. கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் அந்த இளம் டாக்டர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழாயில் ஊதிக்காட்ட வேண்டும்.

இப்போது தையல் இயந்திரம் முன்கூடத்தில், திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின்னறை காலி. இந்தத் தீபாவளிக்கு அந்தச் சுவருக்கு நான் பெயிண்ட் அடிக்கவில்லை. சிமெண்ட் அப்படியே தெரிகிறது. வந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

கலாவின் உடம்பு இப்போது வேறு கணக்கில் ஓடுகிறது. சந்தைக்குப் போனால் மூன்றாவது கடையில் நிற்பாள், கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். வாங்க மாட்டாள். மூச்சு திரும்பியதும் நடப்பாள். நானும் நின்று வெண்டைக்காயைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். முன்பெல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது இப்போது அரைமணி நேரம் ஆகிறது. மழை வந்தால் என் மூக்கு தானாகவே சுவர்ப்பக்கம் போகிறது. அவள் தூங்கும்போது அவளுடைய மூச்சு ஏறி இறங்குவதை எண்ணுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. எத்தனையில் நிறுத்துவேன் என்று எனக்கே தெரியாது.

போன மாதம் அடுக்குமாடியில் இருக்கும் ஓர் இளம்பெண் ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தார். அளவெடுக்கும்போது இருமினார். பிள்ளைக்கும் அதே இருமல் என்றார். படுக்கையறைச் சுவரில் கறுப்பு வந்ததாம். "மேல பூப்போட்ட ஸ்டிக்கர் ஒட்டிட்டோம் அண்ணே. இப்ப அழகா இருக்கு."

நான் ஆரம்பித்தேன். ஸ்போர், குழாய், அலமாரி, நுரையீரல், தழும்பு, அறிவில்லையா உங்களுக்கு என்பதுவரை போனேன். குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். அந்தப் பெண் துணியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, போய்ட்டு வரேன்க்கா என்று கலாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கலா அளவு நாடாவைச் சுருட்டி முடித்தாள். பிறகு சொன்னாள்.

"கோவப்படறதுக்கு மூச்சு வேணும். உங்ககிட்ட நெறைய இருக்கு. எனக்கு இருந்திருந்தா மொதல்ல உங்களப் பாத்துத்தான் கத்தியிருப்பேன்."